தோட்டத்து வாய்க்காலில் கெராங் ஓடு: கடலோரச் சதுப்பும் மணல்மேடும் உருவாகும் விதம்

ஆண்டு முடியும் மாதங்களில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத் தோட்டங்களில் இரண்டு விஷயம் சேர்ந்தாற்போல் நடக்கும். கடல் பெருக்கு எச்சரிக்கை கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கும். மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வார பேக்கோ, அதாவது மண்வாரி எந்திரம், இறங்கும். அது அள்ளிப்போட்ட சாம்பல்நீலக் களிமண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கெராங் ஓடுகள் கிடக்கும். கெராங் என்பது கடற்சேற்றில் வாழும் ஒரு வகைச் சிப்பி. கடலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தடியில் கிடக்கும். உடனே பேச்சு கிளம்பிவிடும். “இங்க முன்னாடி சுனாமி வந்திருக்கு” என்பார் ஒருவர். “கடல் தன் இடத்தைத் திரும்பக் கேட்குது” என்பார் இன்னொருவர்.

முதல் பேச்சு தவறு. சுனாமி கொண்டுவந்து கொட்டும் படிவு பெரும்பாலும் மெல்லிய மணல் படலம். அதில் ஓடுகள் உடைந்து கலைந்து கிடக்கும். வாய்க்காலில் தெரிவதோ ஆள் உயரத்துக்கும் கீழே தொடரும் ஒரே சீரான களிமண். அதில் கிடைக்கும் கெராங்குகளில் சிலவற்றைக் கழுவிப் பாருங்கள், இரண்டு ஓடும் மூடியபடியே இருக்கும். அவை எங்கிருந்தோ அடித்து வரப்படவில்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே சேற்றில் செத்தவை.

இரண்டாவது பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அந்த இடம் கடலாக இருந்தது சரிதான். ஆனால் அது எப்படித் தரையாயிற்று, இப்போது ஏன் மறுபடி தண்ணீர் ஏறுகிறது என்ற இரண்டுக்கும் கடலை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. சேற்றையும் பார்க்கவேண்டும்.

ஒரே கல், இரண்டு கரை

மலாய்த் தீபகற்பத்தின் முதுகெலும்பு தித்திவாங்சா மலைத்தொடர். அதன் பெரும்பகுதி கருங்கல், அதாவது கிரானைட். ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உறைந்த பாறை. பேராக்கில் உள்ள கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயத்தைக் கொடுத்ததும் இந்தக் கல்தான்.

வெயிலும் மழையும் ஓயாத நாட்டில் கருங்கல்கூட உளுத்துப்போகும். அதில் உள்ள இரண்டு முக்கியத் தாதுக்கள் இரண்டு விதமாகப் பிரிகின்றன. ஃபெல்ட்ஸ்பார் என்பது நீரோடு வினைபுரிந்து களிமண்ணாகக் கரைந்துபோகிறது. குவார்ட்ஸ் கரையாது, மணலாக உதிர்கிறது. ஆகவே மலையிலிருந்து இறங்கும் எந்த ஆறும் சேறு, மணல் இரண்டையும் சுமந்துதான் வருகிறது.

அப்படியானால் பேராக், சிலாங்கூர் கரை ஏன் சேறாகவும் கிளந்தான், திரங்கானு கரை ஏன் மணலாகவும் இருக்கின்றன? வித்தியாசம் அலையில் இருக்கிறது. மேற்கே சுமத்ரா ஒரு சுவர்போல நிற்கிறது. மலாக்கா நீரிணை குறுகலானது, பெரிய அலை எழும்ப இடமில்லை. எனவே சேறு ஆற்றுவாயிலேயே தங்கிவிடுகிறது. கிழக்கே தென்சீனக் கடல் திறந்து கிடக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கரையை விடாமல் அடிக்கிறது. அந்த அடியில் சேறு ஆழத்துக்குப் போய்விடும், கனமான மணல் மட்டும் கரையில் நிற்கும். அரிசி களையும்போது தண்ணீரைச் சுழற்றினால் தவிடு போய் அரிசி நிற்பதுபோல.

கடல் இறங்கி ஏறிய கணக்கு

கரை எங்கே இருக்கவேண்டும் என்பதைக் கடல்மட்டம் தீர்மானிக்கிறது. அது நிலையானது என்று நாம் நினைப்பதற்குக் காரணம் நம் ஆயுள் குட்டையாக இருப்பதுதான்.

1. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்நீரில் ஒரு பகுதி பெரும்பாலும் வடதுருவப் பக்கம் பனிப்பாளமாகக் கட்டிக் கிடந்தது. கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. மலாக்கா நீரிணையின் தெற்குப் பகுதியில் பல இடங்களில் 30 மீட்டர் ஆழம்கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். ஆராய்ச்சியாளர்கள் அதைச் சுண்டாநிலம் என்கிறார்கள். பேராக் ஆறு இன்றைய கடலடியின்மேல் நெடுந்தூரம் ஓடியது.

2. பனி உருகத் தொடங்கியது. ஏற்றம் ஒரே சீராக இல்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் சில நூற்றாண்டுகளுக்குள் மட்டும் 15 மீட்டருக்கு மேல் ஏறியது. அந்த வேகத்துக்கு எந்தச் சதுப்புக்காடும் ஈடுகொடுக்க முடியாது. கரை உள்நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது.

3. ஏறக்குறைய 6,000 முதல் 4,000 ஆண்டுகளுக்கு முன், தீபகற்பத்தைச் சுற்றிக் கடல் இன்றைய மட்டத்தையும் தாண்டிச் சில மீட்டர் உயரத்தில் நின்றது. நம் கெராங் அந்தக் காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தது. கீழ்ப்பேராக் சமவெளியின் பெரும்பகுதி அப்போது ஆழமில்லாத கடல், இல்லையென்றால் உப்புச்சேற்றில் வளரும் கண்டல் காடு.

4. அப்புறம் கடல் மெல்ல இறங்கியது. மறுபடி பனி உறைந்ததால் அல்ல. புதிதாகச் சேர்ந்த நீரின் பாரத்தில் உலகின் கடலடித் தளம் சில இடங்களில் அமிழ்ந்தது, நீர் அந்தப் பக்கம் ஒதுங்கியது. நம் பக்கம் மட்டம் தாழ்ந்தது.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் வடக்கே போகலாம். பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில், மூடா ஆற்றுக்குப் பக்கத்தில் குவார் கெப்பா என்ற இடத்தில் சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் கிடந்தன. ஆதிமனிதர் தின்று எறிந்தவை. 2017இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் வயது. சிப்பி பொறுக்கித் தின்பவர்கள் கடலோரத்தில்தான் குடியிருப்பார்கள். இன்று அந்த இடம் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தமிழருக்கு இன்னும் நெருக்கமான சாட்சி கடாரம், இன்றைய கெடா. 1025 வாக்கில் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்து தாக்கிய துறைமுக நாடு அது. அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்களும் படகுத்துறை எச்சங்களும் இன்று கப்பல் நெருங்க முடியாத உள்நிலத்தில் கிடக்கின்றன. வணிகம் மாறியது ஒரு பக்கம். சேறு துறைமுகத்தை மூடியது இன்னொரு பக்கம். வரலாற்றுப் பேச்சில் படையெடுப்புக்குக் கிடைக்கும் இடம் சேற்றுக்குக் கிடைப்பதில்லை.

சேறு தரையாகும் விதம்

கடல் இறங்கியதால் மட்டும் இவ்வளவு நிலம் வந்துவிடவில்லை. மண் வந்து சேரவேண்டும், சேர்ந்தது நிற்கவேண்டும்.

ஆற்று நீரில் மிதக்கும் களிமண் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. நன்னீரில் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் அடியில் படியாது. ஆற்றுவாயில் உப்புநீர் கலந்ததும் அந்தத் தள்ளுவிசை அடங்கிவிடுகிறது. எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோலச் சேறு திரிந்து, கட்டிகட்டியாகக் கீழே இறங்குகிறது. ஆற்றுவாயில்தான் சேறு குவிகிறது என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது ஓதம். கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதற்குத் தமிழில் ஓதம் என்று பெயர். தோட்டத்தில் பாசாங் (ஏற்றம்), சூருட் (இறக்கம்) என்ற மலாய்ச் சொற்கள்தான் புழக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிதாகும். நிலா பூமிக்கு அருகில் வரும் நாளும் அதோடு சேர்ந்தால் வருவதே பெரிய பாசாங். போர்ட் கிள்ளான் பக்கம் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம். கிழக்குக் கரையில் அதில் பாதி அளவுதான். சேற்றுக்கரையின் சரிவு மிகக் குறைவு என்பதால், சூருட் நேரத்தில் கடல் கண்ணுக்கெட்டாத தூரம் விலகிப்போகும். அந்தச் சமதளச் சேறுதான் கெராங் வாழும் இடம்.

ஏறும் ஓதம் சேற்றைத் தூக்கிவருகிறது. உச்சியில் நீர் சற்று நேரம் அசையாமல் நிற்கிறது. அந்தச் சில நிமிடங்களில் ஒரு படலம் கீழே படிகிறது. இறங்கும் நீர் அதில் முழுதையும் திரும்பக் கொண்டுபோக முடிவதில்லை. நாளுக்கு இரண்டு முறை, ஆண்டுக்கு எழுநூறு முறைக்கு மேல். கணக்கு அவ்வளவுதான்.

சேறு ஓரளவு உயர்ந்ததும் முதல் மரம் கால் வைக்கிறது. வெண்கண்டல், மலாயில் ஆப்பி-ஆப்பி. சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் பென்சில் நட்டதுபோல மூச்சுவேர்களை மேலே அனுப்பும். அந்த ஆயிரக்கணக்கான பென்சில்கள் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன, சேறு இன்னும் வேகமாகப் படிகிறது. தரை உயர்ந்தால் ஓதம் தொடும் நாட்கள் குறையும். அப்போது வெண்கண்டலின் இடத்தில் சுரபுன்னை வரும், அதாவது பாக்காவ். குடைக்கம்பி விரித்ததுபோல முட்டுவேர், மரத்திலேயே முளைத்து ஈட்டிபோலச் சேற்றில் குத்தும் நாற்று. இன்னும் உள்ளே, ஆற்று நீர் கலக்கும் இடங்களில் நீப்பா என்ற பனைவகை. 1928இல் வாட்சன் என்ற காட்டிலாகா அதிகாரி, மாதத்தில் எத்தனை முறை ஓதம் தொடுகிறது என்பதை வைத்து மலாயாவின் கண்டல் நிலத்தை ஐந்து வகுப்பாகப் பிரித்தார். மரத்தைப் பார்த்து மட்டத்தைச் சொல்லிவிடலாம். அந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது.

இந்த வரிசையை முழுதாகப் பார்க்க நல்ல இடம் தைப்பிங் அருகே மாத்தாங். ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் கண்டல் காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறது. கோலா செபத்தாங் கரிச்சூளைகளுக்கு மரம் அங்கிருந்துதான் போகிறது. வெட்டியும் அழியாத காடு.

கண்டலுக்கும் பின்னால் ஓதம் எட்டாத தாழ்நிலம் மழைநீரில் ஊறிக் கிடக்கும். விழுந்த இலையும் கட்டையும் காற்றில்லாத நீரில் மட்காமல் அடுக்கடுக்காய்ச் சேர்ந்தால் அதுதான் கரிச்சதுப்பு, மலாயில் தானா காம்புட். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது பல மீட்டர் தடிக்கும், நடுவில் குவிந்து சுற்றியுள்ள ஆற்றைவிட உயரமாகிவிடும். வட சிலாங்கூரின் ராஜா மூசா காடு அப்படிப்பட்டது. செம்பனைக்காக வடித்ததும் தோட்டங்கள் கண்ட தொல்லை தனிக்கதை.

இப்படிப் படிந்த கடற்களிமண் சில இடங்களில் 20, 30 மீட்டர் தடிமன். ஈரம் நிறைந்தது, பாரம் தாங்காதது. தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய கோபுரம் சாய்ந்து நிற்பதைச் சுற்றுலாவுக்கு வருபவர்கள் அதிசயம் என்கிறார்கள். இந்த மண்ணில் அத்தனை கனத்தை வைத்து அது விழாமல் நிற்பதுதான் அதிசயம்.

மணல்மேடு

கிழக்குக் கரையில் வேலை வேறு மாதிரி நடக்கிறது. பருவக்காற்றில் அலை மணலைக் கரைமேல் ஏற்றி, கரைக்கு இணையாக ஒரு வரப்பாக விட்டுப்போகும். சங்கத் தமிழில் இதற்குச் சொந்தச் சொல் உண்டு, எக்கர். உலர்ந்த மணலைக் காற்று இன்னும் உள்ளே தள்ளும். அங்கே ஒரு தடை இருந்தால் மணல் அதன் காலடியில் விழும். அந்தத் தடை பெரும்பாலும் ஒரு கொடிதான்: ஊதாப்பூப் பூக்கும் அடும்பு, அல்லது உருண்டையான முட்தலை காற்றில் உருண்டோடும் இராவணன் மீசை. மணல் மூடமூட அவை மேலே வளரும், மேடும் கூடவே வளரும். பின்னால் சவுக்கு வரும்.

கடல் சற்று இறங்கினாலோ, ஆறு நிறைய மணல் கொண்டுவந்தாலோ, பழைய வரப்புக்கு முன்னால் புதிய வரப்பு எழும். இரண்டுக்கும் நடுவே பள்ளம், பள்ளத்தில் நீர், நீரில் கெலாம் மரம். இப்படி வரப்பும் பள்ளமுமாக அடுக்கிய மண்ணுக்கு மலேசிய வேளாண்துறையில் பிரிஸ் என்று பெயர். கிளந்தானிலிருந்து பகாங் வரை நீள்கிறது. உரம் போட்டால் மழையோடு போய்விடும், தண்ணீர் ஊற்றினால் நிற்காது. திரங்கானுவின் செத்தியூவில் மணல்நாக்கு ஒன்று கடலை மறைத்து நிற்க, அதன் பின்னால் உப்பங்கழி, கண்டல், கெலாம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மணல்மேடும் சதுப்பும் தனித்தனி விஷயம் அல்ல என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். மேடு அலையைத் தடுக்கிறது, தடுத்த நிழலில் சேறு தங்குகிறது.

தூத்துக்குடித் தேரியைப் பார்த்தவர்களுக்கு இந்த மேடுகள் ஏமாற்றம் தரலாம். அங்கே காற்று வறண்டது. செம்மணல் குன்றுகளாக எழுந்தது. இங்கே வாரம் தவறாமல் மழை, ஈரமணலைக் காற்றால் தூக்க முடியாது, செடியும் சீக்கிரம் மூடிவிடும். ஆகவே நம் மேடுகளில் அலையின் கைதான் அதிகம்.

மேற்கிலும் மணல் வரப்பு உண்டு, சேற்றுச் சமவெளியின் நடுவே பழைய கரையைக் காட்டும் கோடாக. மலாயில் பெர்மாத்தாங். செபராங் பிறையில் பெர்மாத்தாங் பாவ், பெர்மாத்தாங் திங்கி என்று ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. வீடும் சாலையும் வரப்பின்மேல், நெல்வயல் பள்ளத்தில். வெள்ளம் வந்தால் எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் நுழையும் என்பதை ஊர்ப்பெயர் சொல்லிவிடும்.

வாய்க்கால் வெட்டியபின்

இப்போது தோட்டத்துக்குத் திரும்பலாம். கண்டல் நிலத்தைத் தோட்டமாக்குவதற்கு இரண்டு வேலை: கடலோரம் மண்கரை, அதாவது பண்ட், உள்ளே வடிகால் வாய்க்கால். பண்டில் ஆங்காங்கே நீர்க்கதவு. சூருட்டில் கதவு திறந்து உள்நீர் வெளியேறும், பாசாங்கில் மூடிக்கொள்ளும். சிலாங்கூரின் கேரித் தீவு முழுக்க இந்த ஏற்பாட்டில்தான் உலர்ந்து நிற்கிறது. நம் தாத்தா, பாட்டி காலத்து உழைப்பு இதில் நிறையவே கிடக்கிறது.

பிரச்சினை மண்ணுக்குள் இருந்தது. கண்டல் சேற்றில் காற்று இல்லாததால், அங்குள்ள நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சும் கந்தகம்தான் அந்த அழுகிய முட்டை நாற்றம். அது ஆற்றுச்சேற்றின் இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற தாதுவாகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை யாருக்கும் தொல்லை இல்லை. வாய்க்காலை ஆழமாக வெட்டி நீர்மட்டத்தை இறக்கினால் காற்று புகும், பைரைட் கந்தக அமிலமாகும். வெட்டி உலர்ந்த வாய்க்கால் சுவரில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் கறை, வாய்க்கால் நீரில் துருவின் செந்நிறம், மேலே எண்ணெய்போல் மினுக்கும் படலம்: இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அமிலம் பிறந்துவிட்டது என்று பொருள். செம்பனையின் காய்ப்பு சரியும், மீன் மிதக்கும். அதனால்தான் அனுபவமுள்ள தோட்டங்கள் வாய்க்காலில் தண்ணீரை வேண்டுமென்றே ஓரளவு தேக்கி வைக்கின்றன. நீர் தேங்கி நிற்பதைப் பார்த்து, நிர்வாகம் வாய்க்காலைக் கவனிக்கவில்லை என்று திட்டவேண்டியதில்லை.

அமிலத்தைவிட மெதுவாக நடப்பது இன்னொன்று. நீர் வடிந்த கடற்களிமண் சுருங்கி அமிழ்கிறது. கரிச்சதுப்பு இன்னும் மோசம். காற்றுப்பட்டதும் மட்கி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்கூட இறங்கும். உலகக் கடல்மட்டமோ இப்போது ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஏறுகிறது. கடல் ஏறுகிறது என்ற செய்தி உண்மை. ஆனால் தோட்டத்து மண் இறங்கும் வேகம் பல இடங்களில் அதைவிடப் பெரிது.

பண்டுக்கு வெளியே

ஏன் இறங்கியதை ஓதம் மறுபடி நிரப்பவில்லை? பண்ட் இருக்கிறதே. தண்ணீரை நிறுத்திய அதே கரை சேற்றையும் நிறுத்திவிட்டது. இதிலிருந்து மூன்று விளைவு.

1. பண்டுக்கு வெளியே சேறு இன்னும் படிகிறது, கண்டல் வரிசை இருக்கும் இடத்தில் உயர்கிறது. உள்ளே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே மட்ட வித்தியாசம் கூடிக்கொண்டே போகிறது.

2. வெளியே கண்டல் இல்லாத இடத்தில் அலை நேராகப் பண்டின் காலைத் தோண்டுகிறது. பண்டை உயர்த்துவது இதற்கு மருந்தல்ல. குழைவான சேற்றின்மேல் கனம் கூடினால் பண்டே அமிழும். 1985இல் முடிந்த தேசிய ஆய்வு, நாட்டின் ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் கரையில் 29 விழுக்காடு அரிப்புக்கு ஆளானது என்று கணக்கிட்டது.

3. அரித்த இடத்தில் மரம் நட்டால் போதுமா? நாற்று நடும் விழாக்களில் பெரும்பாலும் நடப்படுவது பாக்காவ், ஏனென்றால் அதன் நாற்று கைக்கு எளிதாகக் கிடைக்கும். திறந்த சேறோ வெண்கண்டலின் இடம். மட்டம் தாழ்வு, அலை வேகம். சில மாதங்களில் நாற்று காணாமல்போகும். முதலில் கல்வரிசை போன்ற ஒன்றால் அலையைத் தணித்து, சேறு படிந்து உயர விடவேண்டும், மரம் அதற்குப் பிறகு. இயற்கை ஆறாயிரம் ஆண்டாகச் செய்த வரிசையும் அதுதான்.

சூருட் நேரத்தில் பண்டின்மேல் ஏறி நின்றால் இவ்வளவும் ஒரே பார்வையில் தெரியும். கடல் பக்கம் வெண்கண்டலின் காலடிச் சேறு. தோட்டப் பக்கம் செம்பனையின் காலடி மண். பல இடங்களில் கடல் பக்கம்தான் உயரம். நீர்க்கதவு திறக்க வேண்டுமென்றால் வெளிநீர் உள்நீரைவிடத் தாழ்ந்திருக்கவேண்டும். அந்த இடைவெளி ஒவ்வொரு சூருட்டிலும் சில மணி நேரம்தான் கிடைக்கிறது. உள்மண் ஒவ்வொரு சென்டிமீட்டர் இறங்கும்போதும், கடல் ஒவ்வொரு மில்லிமீட்டர் ஏறும்போதும் அந்த நேரம் சுருங்குகிறது. பெரிய பாசாங்கும் பெருமழையும் ஒரே நாளில் வந்தால் கதவு திறக்கவே வழியில்லாமல் மழைநீர் உள்ளேயே நின்றுவிடும். பல நேரம் கடல் வெள்ளம் என்று நாம் சொல்வது, வெளியேற முடியாமல் நின்ற மழைத்தண்ணீர். அதை வெளியேற்ற அப்புறம் பம்பு வைக்கவேண்டும். டீசல் செலவுக் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது.